செம்மநத்தம் இறக்கத்தில் சத்தம் போடாத வண்டி

மெக்கானிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகும் என்னைத் தேடி வருகிற சந்தேகங்களில் பாதி சைலன்ஸரைப் பற்றியவைதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தன், "பாய், நல்லா சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்று வருவான். வீட்டில் தொட்டில் கட்டின பிறகு அதே ஆள், "பாய், கொஞ்சம் அடக்கிக் குடுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். இரண்டு தடவையும் என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை.

கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஸ்பானர் பிடிக்க நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை என் மகன் பார்த்துக்கொள்வான். சத்தம் போடுகிற குழாயை அடக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பின்மூடியைக் கழற்றி, எரிந்துபோன பஞ்சை எடுத்துப்போட்டு, புதுக் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, உள்ளே சின்னக் குழாய் ஒன்றைச் செருகினால் முடிந்தது. வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தே செய்துவிடலாம். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணிக்கிற அறிவாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

நான் சொல்ல வந்தது ஸ்பானரே எடுக்காமல் தன் வண்டியின் சத்தத்தை நிறுத்திய ஒருவனைப் பற்றி. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

செம்மநத்தத்துக் கோவிந்தன் என்று பெயர். காப்பியும் கொஞ்சம் மிளகும் போட்ட சொந்தக் காடு. சாதுவான பையன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் வாங்கின பழைய வண்டிதான் அவனுக்கும் சேர்த்து அதிர்ந்தது. முன்னால் வைத்திருந்த சேலத்துக்காரன் கம்பெனி சைலன்ஸரைக் கழற்றி எங்கேயோ தள்ளிவிட்டு, குட்டையாக ஒரு குழாயை மாட்டியிருந்தான். அது ஸ்டார்ட் ஆனால் கடைவீதியில் பேரம் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கோவிந்தனுக்கும் அவன் சம்சாரம் ராஜாத்திக்கும் மாசம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சேலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பலமாக எச்சரித்திருக்கிறார். திடீர்ச் சத்தம் கேட்டால் குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடும். வீறிட்டு அழ ஆரம்பித்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், முகம் நீலமாகிவிடும். கொஞ்சம் தேறுகிற வரைக்கும் அமைதியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ராஜாத்தி வீட்டுக்கு வந்த அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள், அந்த வண்டிச் சத்தம் இனி ஊட்டு வாசலில் கேட்கக் கூடாதென்று. இதெல்லாம் மலை முழுக்கத் தெரிந்த கதைதான், எனக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோவிந்தன் கடைக்கு வந்தான்.

"பாய், பிரேக்கு புடிக்க மாட்டேங்குதுங்க. இப்பத்தான் வேற கடையில மாத்துனதுங்க."

கழற்றிப் பார்த்தேன். முன் சக்கரத்துப் பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. டிஸ்க் சூட்டில் நிறம் மாறி நீலம் பூத்திருந்தது. பின் சக்கரத்தில் தேய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. இத்தனைக்கும் புதுச் சாமான்.

"இறக்கத்துல எந்த கியர்ல சாமி வர்றே?"

"ரெண்டாவதுலதானுங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"ரெண்டாவதுல வர்றவன் பிரேக்கு இப்படி வேகாது கண்ணு."

நான் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டேன். "இந்தக் கொழாயையும் விட்டுட்டுப் போ. பச்சக் கொழந்தை இருக்கற ஊட்டுக்கு இதை எப்படிக் கொண்டு போறே?"

"அது பரவாயில்லீங்க பாய். ஊட்டுக்குப் போறப்ப சத்தமே வராதுங்க."

என்ன பேச்சு இது என்று தோன்றியது. ஆனால் அதற்குள் சேலத்துக் கடைக்காரர் போனில் வந்துவிட்டார். பிரேக் சாமான் மத்தியானப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். பழையதையே திரும்ப மாட்டி, வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "புதுசு மாட்டற வரைக்கும் இதைத் தொடக்கூடாது. தொட்டே, என்ற கடைப் பக்கமே வராதே" என்றேன். சரி என்று தலையாட்டினான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனை நம்பக்கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்து பார்த்தால் வண்டி நின்ற இடம் காலி. எதிர்த்த டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"கோவிந்தன் சம்சாரம் பாப்பாவுக்கு ஊசி போட வந்துதுங்க பாய். திரும்பிப் போறதுக்குப் பஸ்ஸு வரலையாம். கொழந்தை கூட்டத்துல நசநசன்னு அழுவுது. அதான் வண்டிய எடுத்துட்டானுங்க."

"சாவி எங்கிட்டல்ல இருக்குது?"

"இன்னொண்ணு இடுப்புல வெச்சிருந்தானுங்க."

"அந்தச் சத்தத்துல கொழந்தையை எப்படி ஏத்துனான்?"

"இங்க ஏத்தலீங்க. ஒரு எஸ்டேட் ஜீப்பு அந்தப் பக்கம் போச்சு. அதுல அவங்களை ஏத்தி மேட்டு முக்குல எறங்கிக்கச் சொல்லிட்டு, இவன் பின்னால போனானுங்க. ஜீப்பு எஸ்டேட்டுக்குள்ள திரும்பிருமாம். முக்குலருந்து ஊடு வரைக்கும் இறக்கந்தானே, எஞ்சினை அணைச்சுப்புட்டா சத்தமில்லாம பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொன்னானுங்க."

வெந்த பிரேக்குக்கும், ஊட்டுக்குப் போறப்ப சத்தமே வராது என்ற பேச்சுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

நம் மலையில் இந்தப் பழக்கம் இருக்கிறது. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டி விடுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். வெள்ளக்கடைப் பக்கமும் பார்த்திருக்கிறேன், நாகலூர்ப் பக்கமும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடி, கியரும் விழுந்திருந்தால் இறக்கத்தில் பாதிப் பாரத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அதை அணைத்து நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். அணைத்த எஞ்சினோடு கியரில் விட்டாலோ, ஈர ரோட்டில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துவிடும். கோவிந்தன் பெட்ரோலுக்காகச் செய்யவில்லை. குழந்தை பயந்துவிடக் கூடாதென்று தினமும் மேட்டு முக்கிலேயே எஞ்சினை அணைத்து வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். தனியாளாகப் போயே பிரேக்கைத் தின்று தீர்த்தவன், இன்றைக்கு அதே பிரேக்கை நம்பிப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறான்.

போன் போட்டேன். டவர் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். தொப்பியைக் கழற்றவில்லை, கடையைச் சாத்தவில்லை. மேட்டு முக்கு வரைக்கும் நான் போன வேகத்தை நீங்கள் யாராவது போனால் செவிட்டில் விடுவேன்.

முக்கில் யாரும் இல்லை. ஜீப்பும் போயிருந்தது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். அந்தக் குழாய் ஓடினால் எதிர்மலைக்குக் கேட்கும். இப்போது சில்வண்டுச் சத்தமும், எங்கேயோ யாரோ விறகு வெட்டுகிற சத்தமும்தான் கேட்டன. எத்தனையோ வருஷம் நான் திட்டித் தீர்த்த சத்தம், அந்த நேரத்தில் ஒரு தடவை கேட்டுவிடாதா என்று தவித்தேன். யா அல்லா, கேட்க வை என்று வாய்விட்டே சொன்னேன். கேட்கவில்லை.

இறங்கினேன். முதல் வளைவு தாண்டியதும் பிரேக் வெந்த வாடை மூக்கில் ஏறியது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், நிழலில் ரோடு ஈரமாகக் கிடந்தது. அடுத்த வளைவில் அவர்களைப் பார்த்துவிட்டேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேகம் இன்னும் கை மீறவில்லை, ஆனால் கூடிக்கொண்டே இருந்தது. கீழே கொண்டை ஊசி வளைவு ஒன்று இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் தடுப்புச் சுவர் கிடையாது, நேராகக் காப்பித் தோட்டப் பள்ளம்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள் தம்பிகளே. என் கட்டைவிரல் ஹாரன் மேல் இருந்தது. அடித்திருந்தால் என்ன ஆகும்? பின்னால் வண்டி வருகிறது, வழி விடலாம் என்று ஓரத்துக்கு ஒதுங்குவான். ஓரத்தில் சருகு. இல்லையென்றால் திரும்பிப் பார்ப்பான். இரண்டுமே அவர்களைப் பள்ளத்தில் தள்ளிவிடும். முன்னால் போய் மறித்து நிற்கலாம் என்றால், நிற்க முடியாத வண்டிக்கு முன்னால் போய் நின்று என்ன பிரயோசனம்? விரலை எடுத்துவிட்டேன். பள்ளத்துப் பக்கமாக ஏறி, அவனுக்குப் பக்கத்தில் சேர்ந்து போனேன்.

கோவிந்தன் முகமெல்லாம் வேர்வை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பின் பிரேக் மிதி அடிவரை இறங்கியிருந்தது. பிரேக் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் ராஜாத்தி ஒன்றும் தெரியாமல், குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"கோவிந்தா, சாவியைப் போடு. மூணாவது கியர்ல போட்டு கிளட்ச்சை மெதுவா விடு" என்றேன், டீ சொல்கிற குரலில்.

அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான். "பாப்பா இப்பத்தானுங்க பாய் தூங்குது."

பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக் இல்லை, இவன் குழந்தை எழுந்துவிடும் என்கிறான். ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் முட்டாள் இல்லை. வீட்டுக்கு வந்த நாளாக அந்தக் குழந்தைக்கு மூச்சு நின்றதையும் திரும்ப வந்ததையும் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனவன். சத்தம் வந்தால் பிள்ளை போய்விடும் என்பதைத் தவிர அவன் மண்டையில் அப்போது வேறு எதற்கும் இடமில்லை. நான் கத்தினால் இன்னும் இறுகிப்போவான், அவ்வளவுதான். இவன் அந்தச் சாவியைத் திருப்ப வேண்டுமென்றால், சத்தம் கூடாதென்று சொன்னவளே அதைச் சொல்ல வேண்டும்.

அவனை விட்டுவிட்டுப் பின்னால் இருந்தவளிடம் பேசினேன்.

"அம்மணி, வண்டியில பிரேக்கு இல்ல. அசையாத, பயப்படாத. எஞ்சினைப் போட்டாத்தான் வண்டி அடங்கும். போட்டாச் சத்தம் வரும். பாப்பா காதை மாரோட அமுத்திப் புடிச்சுக்க."

ராஜாத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அலறுவாளோ, எட்டிக் குதிப்பாளோ என்று பயந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு காதை மார்போடு அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்தி, மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு புருஷன் காதருகே குனிந்தாள்.

"போடு மாமா."

போட்டான். வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது. பின் சக்கரம் லேசாக வழுக்கி நேரானது. அப்புறம் வந்தது பாருங்கள் அந்தச் சத்தம். மலையே திருப்பிச் சொன்னது. அதற்கு அடியில் குழந்தையின் வீறல்.

"இப்ப ரெண்டாவது. அவசரப்படாத. ஆங், இப்ப ஒண்ணாவது. மலைச் செவுத்துப் பக்கமா வா, அந்த மண்ணுல ஏத்து."

மலைப் பக்கம் சரிந்து கிடந்த மண்மேட்டில் முன் சக்கரம் புதைந்து வண்டி நின்றது. வளைவு கண் முன்னால் தெரிந்தது. எஞ்சினை அணைத்தான். எல்லாம் அடங்கியது, குழந்தையின் வீறலும் சேர்ந்து அடங்கியதுதான் பயங்கரமாக இருந்தது.

முந்தானையை விலக்கினாள். குழந்தையின் வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. உதடு கருத்துக்கொண்டு வந்தது. ராஜாத்தி முகத்தில் ஊதினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கோவிந்தன் வண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றான். நான் எந்த வேலைக்கும் ஆகாத இரண்டு கைகளை வைத்துக்கொண்டு நின்றேன். நான் போடச் சொன்னதுதானே, இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் பள்ளத்தில் விழுந்திருந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று தோன்றியது.

ஒரு விக்கல். இன்னொரு விக்கல். அப்புறம் ஓங்கிய குரலில் ஒரு அழுகை. முகம் சிவந்துகொண்டு வந்தது. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் ராஜாத்தி புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்படி வர்றே?"

"பாப்பா ஊட்டுக்கு வந்ததுலருந்து" என்றான். "நீதானே சொன்னே, ஊட்டுல சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீ ஊடு வந்து சேர வேண்டாம்னு சொன்னனா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவனும் அழுதான். நான் என்ன செய்வது, ஸ்கூட்டர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவனிடம் நீங்கள் சைலன்ஸரைப் பற்றி அப்புறம் பேசுங்கள். இத்தனை நாள் அந்தச் சத்தத்தோடு எப்படிக் காலம் தள்ளினாய் என்று முதலில் கேளுங்கள். சத்தம் வேண்டாம் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் அவன் சும்மா இருப்பதில்லை, ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துத்தான் இருப்பான். அந்த வழி என்ன என்று தெரியாமல் வண்டியில் கை வைக்காதீர்கள்.

அன்றைக்கு ராஜாத்தி குழந்தையோடு நடந்தே இறங்கினாள். கோவிந்தன் வண்டியைக் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் பிரேக் சாமானும் கண்ணாடிப் பஞ்சும் எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கை விரித்தேன். பிரேக் முடிந்து, குழாயையும் முடித்தேன். உள்ளே பழைய பஞ்சு துளிகூட இல்லை, வெறும் ஓட்டைக் குழாய்தான். அப்புறம் கத்தாமல் என்ன செய்யும்?

ஸ்டார்ட் செய்தபோது உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி பூனை மாதிரி உறுமியது. குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. என் வேலையில் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது, மறைப்பானேன்?

"மேட்டு முக்கு வரைக்கும் போயிட்டு, ரெண்டாவது கியர்லயே எறங்கி வா" என்று அவனை அனுப்பினேன். ராஜாத்தி வாசலில் வந்து நின்றாள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போகப் போக அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. திடீரென்று வேலிப் பக்கம் அவன் தலை தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"பாய், நொம்ப அடக்கிப்புட்டீங்க."

"அடக்கத்தானே அம்மணி நான் வந்தது?"

"முக்குல திரும்பறப்ப எஞ்சின் ஓடுதான்னு எனக்குக் கேக்கோணுமுங்க. இவரு வாயால சொன்னா இனி நான் நம்பமாட்டேன்." உள்ளே தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா முழிச்சா முழிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

குழாயின் பின்மூடியைத் திரும்பக் கழற்றி, சுற்றின பஞ்சில் கொஞ்சத்தை உருவி எடுத்தேன். மறுபடி அவனை அனுப்பினேன். இந்தத் தடவை அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி வரைக்கும் போய் நின்றாள். முக்கிலிருந்து சத்தம் வந்தது, கனமாக, ஒரே சீராக. குழந்தையின் கை ஒரு தடவை உதறி அடங்கியது. அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே, சத்தம் ஒவ்வொரு வளைவாக இறங்கி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுங்க" என்றாள்.

அதற்கு மேல் அந்தக் குழாயில் நான் கை வைக்கவில்லை.